தேநீர்க் கெண்டியும் கிராமப் பள்ளியும்

இங்கிலாந்தின் தென்பகுதியிலுள்ள ஹாம்ப்ஷயரில் கிங்ஸ் சாம்போர்ன் என்பது ஒரு சிற்றூர். அங்கு வாழ்ந்தவருள் பெரும்பாலோர் பிறர் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர். அவ்வூர்ப் பாதிரியாராகிய ரிச்சர்டு டாஸ் 1842இல் அங்கே ஒரு பள்ளியைத் திறந்தார். கூலியாளின் குழந்தைக்கு வாரம் இரண்டு பென்னி பள்ளிச் சம்பளம். வசதியுள்ள விவசாயியின் குழந்தைக்கு அதனினும் கூடுதல். ஆயினும் இரு திறத்தாரும் ஒரே வகுப்பில் ஒரே பாடத்தையே கற்றனர்.

அப்பாடந்தான் நாம் இன்று நினைவுகூர வேண்டியது. அக்காலத்து ஏழைகள் பள்ளிகளில் எழுத்தும், சிறிது கணக்கும், சமய வினாவிடையுமே மிகுதி. கேம்பிரிட்ஜில் கணிதம் கற்ற டாஸோ, குழந்தைகள் நாள்தோறும் காண்பவற்றையே பாடமாக்கினார். பளபளக்கும் உலோகக் கெண்டியில் தேநீர் நெடுநேரம் சூடாயிருக்க, கரிய மட்கெண்டியில் விரைந்து ஆறிவிடுவது ஏன்? அடுப்புப் புகை மேல்நோக்கிச் செல்வது ஏன்? கம்பளிச் சட்டை குளிரைத் தடுப்பது எவ்வாறு? இவையே வினாக்கள்.

கணக்கும் இவ்வாறே நடந்தது. வகுப்பறையின் நீள அகல உயரங்களைச் சிறுவரே அளந்தனர். அதனுள் அடங்கிய காற்று எவ்வளவு என்று கணக்கிட்டனர். நீங்களும் செய்து பாருங்கள். 30 அடி நீளமும், 20 அடி அகலமும், 10 அடி உயரமும் உள்ள அறையில் 6,000 கன அடி காற்று இருக்கும். அதன் எடை ஏறத்தாழ 450 பவுண்டு. அதாவது வளர்ந்த மனிதர் மூவரின் எடை! காற்றுக்கு எடை உண்டு என்று நூறு முறை ஒப்பித்தவனைக் காட்டிலும், இதை ஒருமுறை கணக்கிட்டவன் நன்கறிவான் என்பது என் எண்ணம்.

அரசாங்கப் பள்ளி ஆய்வாளரான ஹென்றி மோஸ்லி இப்பள்ளியைக் கண்டு வியந்து, தம் அறிக்கைகளில் புகழ்ந்துரைத்தார். 1847இல் டாஸ் தம் முறையை விளக்கி ஆசிரியர்களுக்கென நூலொன்றும் வெளியிட்டார். ‘பொதுப் பொருள்களின் விஞ்ஞானம்’ என்னும் பெயரில் அம்முறை பிற ஊர்களுக்கும் பரவியது. சஃபோக் பகுதியிலுள்ள ஹிச்சம் கிராமத்தில் இன்னொரு பாதிரியார் இருந்தார். கேம்பிரிட்ஜில் சார்லஸ் டார்வினுக்கு ஆசானாய் விளங்கிய ஹென்ஸ்லோவே அவர். 1850களில் அவர் அவ்வூர்ச் சிறுவர் சிறுமியருக்குத் தாவரவியல் கற்பித்தார். வயல் வரப்புகளில் பூக்களைப் பறித்து வந்து, பிரித்துப் பார்த்து, இனம் கண்டு எழுத வேண்டும். அவ்வகுப்பிற் சேர விரும்பிய பிள்ளைகள் முதலில் கடினமான தாவரவியற் சொற்கள் சிலவற்றைப் பிழையின்றி எழுத்துக்கூட்டிக் காட்டவேண்டும்! கூலியாட்களின் பிள்ளைகள் அதையும் செய்து காட்டினர்.

இதனால் எல்லோரும் மகிழ்ந்தனர் என்று எண்ணிவிடலாகாது. ராட்ஸ்லி பிரபு என்பவர் வானநூல் வல்லுநர். ராயல் சங்கத்தின் தலைவராய் இருந்தவர். 1860இல் வெளியிட்ட நூலில் அவர் ஒரு காட்சியை விவரிக்கிறார். ஏழைப் பிள்ளைகளுக்கு விஞ்ஞான வினாக்கள் விடுக்கப்பட்டன. ஒரு சிறுவன் விடை கூற நொண்டி நொண்டி முன்வந்தான். கூன் விழுந்த உடல். வறுமையால் வாடிய முகம். ஆனால் அவன் கூறிய விடை மிகத் தெளிவாய் இருந்தது. கேட்டவர் வியந்தனர், உடனே வெட்கமும் கொண்டனர். மேற்குடியினர் அறியாததைக் கீழ்நிலையில் உள்ளவன் அறிந்திருத்தல் சமுதாயத்துக்கு நலமன்று என்பது பிரபுவின் முடிவு. மேற்குடிப் பிள்ளைகளுக்கும் விஞ்ஞானம் கற்பிக்க வேண்டும் என்று வாதிட்டவர்தாம் அவர். விஞ்ஞானத்தை நேசித்த ஒருவருக்கே இக்கூச்சம் தோன்றியதுதான் நம்மைத் திடுக்கிடச் செய்கிறது.

இரண்டே ஆண்டுகளில், 1862இல், ராபர்ட் லோவின் திருத்திய கல்வி விதிகள் நடைமுறைக்கு வந்தன. ஏழைச் சிறுவனின் அறிவைக் கண்டு எழுந்த அச்சமே அதற்குக் காரணம் என்பது மிகையாகும். கல்விச் செலவு பெருகியிருந்தது. பல பள்ளிகளில் பிள்ளைகள் வாசிக்கவும் அறியாதிருந்தனர் என்ற குறையும் உண்மையே. ஆனால் கண்ட மருந்து என்ன? வருகைக்கான தொகை போக, போதிய நாள் பள்ளிக்கு வந்த, ஆறு வயது கடந்த குழந்தை ஒன்றுக்கு 8 ஷில்லிங் மானியம். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றில் தேர்வு. ஒவ்வொன்றில் தவறும்போதும் 2 ஷில்லிங் 8 பென்னி குறைக்கப்படும். மூன்றிலும் தவறினால் அந்த 8 ஷில்லிங்கும் இல்லை.

தேநீர்க் கெண்டிக்கு அப்பட்டியலில் ஒரு பென்னியும் இல்லை. தம் வருவாயே தேர்வைச் சார்ந்துவிட்டபோது, பூப்பறிக்க எந்த உபாத்தியாயர் பிள்ளைகளை வயலுக்கு அழைத்துச் செல்வார்? வாசகப் புத்தகத்தை மனப்பாடம் செய்வித்து, ஆய்வாளர் முன் ஒப்பிக்கச் செய்வதே பல பள்ளிகளில் வழக்கமாயிற்று. சிலர் புத்தகத்தைத் தலைகீழாய்ப் பிடித்தபடியே வாசித்தனர் என்றும் ஒரு கதை வழங்கியதுண்டு.

ஹென்ஸ்லோ இதனைக் காணவில்லை, 1861இலேயே மறைந்தார். ஹெர்ஃபோர்டு தலைமைக் கோயிலின் தலைவராக உயர்ந்திருந்த டாஸ் 1867 வரை வாழ்ந்தார். தேர்வின் பலனுக்கேற்ப மானியம் அளிக்கும் அம்முறை பின்னர்க் கடல் கடந்து நம் சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது.