அட்டையில் ஒரு பேர்தான்

நெய்வேலி டவுன்ஷிப்ல வளர்ந்த எனக்கு, ஜியாலஜிஸ்ட்னா பழுப்பு நிலக்கரி தேடுறவங்கதான். ஆனா இன்னைக்குக் கதையோட ஜியாலஜிஸ்ட், கனிமம் தேடப் போன இடத்துல கைவினைக்கு மாணவரானவர்.

ஆனந்த குமாரசுவாமி. அப்பா இலங்கைத் தமிழர், அம்மா இங்கிலாந்துக்காரர். 1902-இல் எத்தல்ங்கிற ஆங்கிலேயப் பெண்ணைக் கல்யாணம் பண்ணினார். 1903-இல் ரெண்டு பேரும் இலங்கைக்கு வந்தாங்க. அவருக்கு கனிமவள ஆய்வு வேலை. எத்தலுக்கு அது முழுக்கப் புது நாடு.

கண்டி வட்டாரக் கிராமங்கள்ல நெசவாளர், குயவர், கொல்லர் எப்படி வேலை செய்றாங்கன்னு ரெண்டு பேரும் பார்த்துக் கத்துக்கிட்டாங்க. இறக்குமதிச் சரக்கு வந்து அந்தத் தொழில்கள் நலிந்துகொண்டிருந்த காலம் அது. அவர் குறிப்பெடுத்தார், எத்தல் புகைப்படம் எடுத்தார், பூத்தையல் வேலைகளை ஆராய்ந்தார்.

1908-இல் 'மெடீவல் சிங்களீஸ் ஆர்ட்' புத்தகம் வந்தது. ஆசிரியர் பேர்: ஆனந்த குமாரசுவாமி மட்டும்.

பிறகு இருவரும் பிரிந்தார்கள். எத்தல் தறியில் உட்கார்ந்தார். 1916-இல் தாவரச் சாயங்கள் பற்றித் தானே புத்தகம் எழுதினார். இங்கிலாந்தின் டிட்ச்லிங்கில் அவர் நடத்திய நெசவுப் பட்டறைக்கு மாணவர்கள் வந்தார்கள்.

நம்ம கோடுல எந்த வரியை யார் எழுதினாங்கன்னு கிட் காட்டிக்கொடுத்துடும். பழைய புத்தகத்துல அதை நாமதான் தேடணும், மக்களே.