இரையும் காவலும்: மட்டக்களப்பு வயல்வெளியிற் குருவிப் பகை பற்றி ஒரு குறிப்பு

பறவையை ஈர்த்துப் பிடிக்கும் கலை தமிழருக்குப் புதியதன்று. பழக்கிய உயிரொன்றைக் காட்டி அதன் இனத்தை வலைக்கு இழுக்கும் உத்தியைச் சங்கச் செய்யுட்கள் ‘பார்வை’ என்னும். பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடிலின் முன்னே விளாமரத்திற் கட்டுண்டு நிற்பது அத்தகைய மானே. நற்றிணையிற் பார்வை வைத்த வேடனின் வலைக்குக் கணந்துட் பறவை அஞ்சுகிறது. ஆயினும் இவ்வேட்டுவர் நாடியது உணவு; ஓர் இனத்தின் தொகையைக் குறைப்பதன்று.

தினைப்புனத்திலோ ஓட்டுதலே முதன்மை பெறுகிறது. குளிரும் தட்டையும் கவணுங் கொண்டு கிளிகடியும் பெண்ணையே குறிஞ்சிப் பாடல்கள் காட்டுகின்றன. பகல் முழுதும் பரண்மீது நின்று செய்யும் அவ்வுழைப்பு, அகமரபிற் களவொழுக்கத்தின் பின்னணியாக மெலிந்துவிட்டது. நம் இரசனைத் திறனாய்வாளர்கள் காதலைக் கண்ட அளவிற்கு அக்காவலைக் கண்டாரில்லை.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. கீழ்ப்புறத்து எழுவான்கரையிற் குடியிருப்புகள் செறிந்திருக்க, பெருவயல்கள் மேற்கே படுவான்கரையில் விரிந்தன. கதிர் பால்பிடிக்கும் நாட்களில் நெல்லுக்குருவிக் கூட்டம் இறங்கிப் பாலை உறிஞ்சினால் எஞ்சுவது பதரே. அதுவரை வைகறை முதல் அந்திவரை எவரேனும் கூவியும் தகரந் தட்டியும் நிற்க வேண்டும். அந்த ‘எவரேனும்’ போடியார் அல்லர்; முல்லைக்காரனும் வயற்காரரும் அவர்தம் பிள்ளைகளுமே. குத்தகை இவ்வளவென்று முன்னரே வரையறுக்கப்பட்ட வயலிற் குருவி தின்ற நெல் உழவனின் பங்கிலிருந்தே கழிகிறது. காணிக்காரரின் பங்கு குறைவதில்லை. எனவே குருவி ‘பீடை’யாவது இயற்கையால் மட்டுமன்று, உற்பத்தி உறவாலுமே.

1958ஆம் ஆண்டு இவ்வகையிற் கருதத்தக்கது. அவ்வாண்டிற் பிலிப் குணவர்த்தனாவின் நெற்காணிச் சட்டம் குத்தகைக்கு உச்சவரம்பு விதித்தது. பயிர்ச்செய்கைக் குழுக்களுக்கும் வழிவகுத்தது. அவ்வாண்டிலேயே சீனம் எலி, ஈ, நுளம்பு என்பவற்றோடு குருவியையும் மக்களின் பகையாக அறிவித்தது. ஏப்ரலிற் பீஜிங் மக்கள் மூன்று நாட்கள் பாத்திரங்களைத் தட்டிக் குருவிகளை எங்கும் அமரவிடாது விரட்டினர். நஞ்சிட்ட இரை வைத்த இடங்களை நோக்கியும் துரத்தினர். பழைய பார்வை இங்கே அரசியற் கருவியாயிற்று.

இதனை மார்க்சியர் மூடிமறைக்க வேண்டியதில்லை. நிலவுடைமை ஒழிந்த நாட்டில் நிலவுடைமையின் கணக்கேடு ஒழியவில்லை: குருவி தின்ற தானியம் எண்ணப்பட்டது, அது தின்ற பூச்சி எண்ணப்படவில்லை. இனப்பெருக்க காலத்திற் குருவி பூச்சிகளை உண்பதை, இரைப்பையை ஆராய்ந்து பறவையியலாளர் செங் ட்சோ-சின் காட்டினார். 1960இற் பட்டியலிலிருந்து குருவி நீக்கப்பட்டு மூட்டைப்பூச்சி சேர்க்கப்பட்டது. 1959 முதல் 1961 வரையிலான பெரும்பஞ்சத்திற்கு அரசின் மிகைத் தானியக் கொள்முதல் முதலியனவே தலையாய காரணங்கள். எனினும் குருவியற்ற வயலிற் பெருகிய பூச்சிக்கும் அதிற் பங்குண்டு.

மட்டக்களப்பு உழவன் பகையென எண்ணும் தூக்கணாங்குருவியும் தன் குஞ்சுகளுக்குப் பூச்சிகளையே பெரிதும் ஊட்டுகிறது. அதனைக் கொல்ல நஞ்சிட்ட நெல்லை வரம்பில் வைத்தாற் புறாவும் உண்ணும். அறுவடைக்குப் பின் சிந்திய கதிர் பொறுக்க வருபவளின் கோழியும் உண்ணும்.