பூட்டில்லாத விண்கலம்: ஐஎஸ்இஇ-3

விண்கலத்துக்கான கட்டளைகள் தரையிலிருந்து வானொலி அலைகளில் செல்கின்றன. அவற்றை அனுப்புபவர் உரியவர்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு பழைய அறிவியல் விண்கலங்கள் பலவற்றில் இல்லை. சரியான அதிர்வெண், கட்டளைக் குறிகளின் பட்டியல், போதிய ஆற்றலுள்ள ஆன்டெனா ஆகியவை எவரிடம் இருந்தாலும் கலம் அவருக்குப் பணியும். 2014-இல் ஐஎஸ்இஇ-3 விண்கலத்துடன் தொடர்பு மீட்கப்பட்டபோது இது வெளிப்படையாகத் தெரிந்தது.

நாசா இக்கலத்தை 1978 ஆகஸ்ட் 12 அன்று ஏவியது. புவியிலிருந்து சூரியனை நோக்கி ஏறத்தாழ 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியக் காற்றை அளப்பது அதன் பணி. பின்னர் பாதை மாற்றப்பட்டு, 1985 செப்டம்பர் 11 அன்று ஜியாகோபினி-சின்னர் வால்வெள்ளியின் வால் வழியாகச் சென்றது. வால்வெள்ளி ஒன்றை அணுகிய முதல் விண்கலம் இதுவே. 1997-இல் நாசா பணியை முடித்துக்கொண்டது. அதனுடன் பேசுவதற்கான ஒலிபரப்புக் கருவிகளும் 1999-இல் அகற்றப்பட்டன. ஆனால் கலம் அணைக்கப்படவில்லை. அதன் சமிக்ஞை 2008-இல் மீண்டும் கேட்டது.

2014-இல் டென்னிஸ் விங்கோ, கீத் கௌயிங் ஆகியோர் தலைமையிலான தன்னார்வக் குழு, பொதுமக்களிடம் நிதி திரட்டி மீட்பு முயற்சியில் இறங்கியது. நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மைய வளாகத்தில் மூடிக்கிடந்த மெக்டொனால்ட்ஸ் உணவகமே அவர்களின் கட்டுப்பாட்டு அறை. பழைய ஆவணங்களைத் தேடி எடுத்து, கட்டளைக் குறிகளை மீட்டு, புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்த 305 மீட்டர் அரேசிபோ ஆன்டெனா வழியே அனுப்பினர். மே 29 அன்று கலம் பதில் கூறியது. ஜூலை 2 அன்று அதன் உந்திகளும் இயங்கின. ஆறு நாள் கழித்துப் பாதையைத் திருத்த முயன்றபோது உந்திகள் ஒத்துழைக்கவில்லை. எரிபொருளைத் தள்ளும் நைட்ரஜன் தீர்ந்திருக்கலாம் என்று கருதப்பட்டது. செப்டம்பரில் தொடர்பு அற்றது.

இக்குழுவினர் நாசாவுடன் முறைப்படி ஒப்பந்தம் செய்திருந்தனர். ஆனால் அனுமதி காகிதத்தில் இருந்தது. கணினியே இல்லாத அக்கலத்துக்கு அது தெரியாது. அனுமதியற்ற ஒருவர் அதே குறிகளை அனுப்பியிருந்தாலும் கலம் கீழ்ப்படிந்திருக்கும். தொலைவும், பெரிய ஆன்டெனாவின் அருமையும், ஆவணங்கள் எளிதில் கிடைக்காமையுமே அதுவரை அதைக் காத்தன.

புவிக்கு அருகில் சுற்றும் செயற்கைக்கோள்களுக்குத் தொலைவின் காவல் இல்லை. நாசாவின் டெர்ரா செயற்கைக்கோளில் 2008-இல் இருமுறை அயலார் குறுக்கிட்டதாகவும், கட்டளையிடுவதற்கான எல்லாப் படிகளையும் கடந்தும் அவர்கள் கட்டளை எதையும் இடவில்லை என்றும் அமெரிக்க நாடாளுமன்ற ஆணையம் ஒன்று 2011-இல் அறிக்கை அளித்தது. தனக்குத் தொடர்பில்லை என்று சீனா மறுத்தது.

விண்வெளி நிறுவனங்களின் பன்னாட்டுத் தரக்குழு 2015-இல் தகவல் இணைப்புப் பாதுகாப்புக்கென ஒரு நெறிமுறையை வெளியிட்டது. கட்டளையை மறைத்து அனுப்புவது ஒன்று. அனுப்பியவரை உறுதிசெய்வது வேறு. கலத்தைப் பிறர் கைப்பற்றாமல் காப்பதில் இரண்டாவதே முதன்மையானது. ஒருமுறை பதிவு செய்த கட்டளையை மறுபடி ஒலிபரப்பி ஏமாற்றாதபடி ஒவ்வொன்றுக்கும் வரிசை எண்ணும் இடப்படுகிறது. இதற்கு விலையும் உண்டு. ஐஎஸ்இஇ-3 கலத்துக்கு 1978-இல் இத்தகைய பூட்டு இடப்பட்டு, சாவி தொலைந்திருந்தால், 2014-இல் எவராலும் அதை எழுப்பியிருக்க முடியாது.

வானொலி இணைப்பைக் காத்தால் மட்டும் போதுவதில்லை. 2023 ஏப்ரலில் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் தன் ஆப்ஸ்-சாட் சோதனைச் செயற்கைக்கோளைத் தாக்கிப் பார்க்க வல்லுநர்களை அழைத்தது. தாலெஸ் நிறுவனக் குழு, செயலிகளை இயக்க வழங்கப்பட்ட சாதாரண அனுமதியைக்கொண்டே உள்ளே நுழைந்து, கேமரா அனுப்பும் படங்களை மாற்றிக்காட்டியது.