பாலையும் வீரையும்

திருக்கோவிலிலிருந்து பொத்துவிலுக்குச் செல்லும் கரையோரப் பாதையிலே கோமாரி என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. அதற்குக் கிழக்கே கடல். மேற்கே வயலும் பற்றையும் கடந்தால் காடு. கடலைப் பற்றிப் பேசுவோர் பலர். காட்டைப் பற்றிய பேச்சோ, 'அது ஆதிகாலந் தொட்டு அப்படியே இருப்பது' என்பதோடு முடிந்துவிடுகின்றது. அக்கூற்று சரியன்று. மனிதனின் கோடரியும், அவன் இட்ட தீயும், அவன் கைவிட்டுச் சென்ற நிலமும் சேர்ந்து உருவாக்கிய வரலாறே அக்காடு.

அதன் இயல்பை முதலிற் காண்போம். இப்பகுதியின் மழையிற் பெரும்பங்கு கார்த்திகை முதல் தை வரை வீசும் வாடைக்காற்றோடு வருவது. அதன்பின் நீண்ட கோடை. அக்கோடையைத் தாங்கவல்ல மரங்களே இங்கு நிலைபெற்றன. யாவற்றிற்கும் மேலாக நிற்பது பாலை. சிறிய, தடித்த இலைகளை உடைய அம்மரம் வறட்சியிலும் பசுமை மாறாதது. அதன் மரம் நீரில் அமிழும் அளவுக்குக் கனமுடையது. அதன் நிழலிலே அடுத்த அடுக்காக வளர்வது வீரை. இடையிடையே முதிரையும் கருங்காலியும் நிற்கும். ஆற்றோரங்களிலே மருது ஓங்கும்.

இக்காட்டினுள்ளே தூர்ந்த குளங்களும் கற்றூண்களும் காணப்படுவதேன்? லாகுகலைக்கு அண்மையிலுள்ள மகுல் மகா விகாரையின் சிதைவுகள் விடை கூறும். இன்று மரங்கள் சூழ்ந்த அவ்விடம் ஒருகாலத்தில் மக்கள் கூடிய இடம். 13ஆம் நூற்றாண்டின் பின் உலர்வலயத்தின் நீர்ப்பாசன நாகரிகம் சிதைந்தது, குளங்கள் உடைந்தன, வயல்களைக் காடு மூடிற்று. இன்றைய உலர்வலயக் காட்டிற் பெரும்பகுதி அதன்பின் வளர்ந்ததே என்பது அறிஞர் பலரின் கருத்து.

அடுத்து வந்தது சேனை. பற்றையை வெட்டி எரித்து, குரக்கனும் சோளமும் விதைத்து, ஓரிரு போகத்தின் பின் நிலத்தைக் காட்டிற்கே விட்டுவிடுவது அம்முறை. விட்ட நிலத்தில் முதலில் சூரையும் காரையும் போன்ற முட்செடிகள் அடரும். அவற்றின் மறைவிலேயே பெருமரக் கன்றுகள் தலைதூக்கும். போதிய ஆண்டுகள் ஆறவிட்டால் காடு மீளும். விரைந்து திரும்பிவந்து எரித்தால் முள்ளே நிலைக்கும்.

பிரித்தானியர் காலத்தில் கணக்கு மாறியது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், காடும் தரிசும் அரசுக்கே உரியன என்ற அனுமானத்தை நிலைநாட்டியது. 1885இல் வனச் சட்டம் வந்தது. முதிரையும் கருங்காலியும் விலைமிக்க பண்டங்களாயின. 1833இல் பேராதனையில் மகாவலி கங்கைக்குக் குறுக்கே 205 அடி நீளமான ஒற்றை வளைவுப் பாலம் முதிரை மரத்தாலேயே அமைக்கப்பட்டது. 1905 வரை அது நின்றது. அத்தகைய மரம் மெல்ல வளர்வது. வெட்டுவதோ ஒருநாள் வேலை.

1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கிற்று. பட்டிப்பளை ஆறு இங்கினியாகலையில் மறிக்கப்பட்டு, சேனநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. பல்லாயிரம் ஏக்கர் வயலாகிப் பலருக்குச் சோறிட்டது. அதே வேளையில் பெருங்காடும் நீருக்கும் கழனிக்கும் இடங்கொடுத்தது. எஞ்சியதைக் காக்க 1954இல் கல்லோயாவும், 1980இல் லாகுகலையும் தேசிய பூங்காக்களாயின.

பிற நாட்டிலும் இத்தகைய கதை உண்டு. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதி மேட்டு நிலங்களிலே ஓக், ஹிக்கரி என்னும் மரங்கள் நிறைந்த காடுகள் உள. அங்குள்ள பழங்குடியினர் காலந்தோறும் இட்ட மெல்லிய தீ, அக்காடுகளை நிலைநிறுத்த உதவிற்று என ஆய்வாளர் காட்டியுள்ளனர். 20ஆம் நூற்றாண்டில் தீயை முற்றாகத் தடுத்தபோது, நிழல்விரும்பும் மேப்பிள் மரங்கள் பெருகி ஓக் கன்றுகளை நெருக்கின. கோமாரிப் பக்கத்துக் காட்டிற்குத் தீ மருந்தாகும் என்பது இதன் பொருளன்று. பாலைக் கன்றுக்குத் தீ பகையே. நின்ற மரத்தை மட்டும் காப்பது போதாது, அது எவ்வாறு மறுபடி முளைக்கின்றது என்பதையும் அறிதல் வேண்டும் என்பதே பாடம்.

ஓக் மரத்தின் கொட்டையைப் புதைத்து வைத்து மறந்துவிடும் பறவையும் அணிலும் அங்கே விதைப்போராயின. இங்கே அப்பணியைச் செய்வோருள் முதன்மையானது கரடி. கோடையில் மஞ்சளாகக் கனியும் பாலைப்பழத்தின் இனிமையையும், உதட்டில் ஒட்டும் அதன் பாலையும் கல்முனை முதல் பொத்துவில் வரை அறியாதார் இலர். அப்பழத்தை மனிதனிலும் ஆவலோடு தேடுவது கரடி. மரமேறி உண்ணும் அது, விதைகளைத் தொலைவிலே எச்சத்தோடு இட்டுச் செல்கின்றது. கரடி அஞ்சி அகன்ற காட்டில் முதிய பாலைகள் நிற்கலாம். விதையைத் தொலைவுக்குக் கொண்டுசெல்வோர் குறைந்துவிடுவர்.

கிளையோடு முறித்துப் பழம் பறிப்போர் அவ்வாண்டின் பழத்தோடு வருமாண்டின் பூவையும் இழக்கின்றனர். குளம் உடைந்தபோது காடு வந்து நிலத்தை மூடிற்று. காடு அழிந்தால் அவ்விடத்தை மூட வருவது முள்ளே.