கொட்டிலில் பிறந்த குதிரைவலு

1953ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் திகதி, அமெரிக்காவின் செவர்லே நிறுவனத்தில் பணியாற்றிய பொறியியலாளர் ஒருவர் தமது மேலதிகாரியான மோரிஸ் ஒலிக்கு ஒரு குறிப்பு எழுதினார். எழுதியவர் ஸோரா ஆர்க்கஸ்-டன்ரொவ். அவர் அங்கு சேர்ந்து ஓராண்டுகூட நிறைவடைந்திருக்கவில்லை.

அக்குறிப்பின் சாரம் இதுதான்: தமது பழைய கார்களைத் தாமே திருத்தி வேகமாக்கும் 'ஹொட் றொட்' இளைஞர்கள் போர்ட் இயந்திரத்துடனேயே வளர்கிறார்கள். அவர்கள் படிக்கும் சஞ்சிகைகளிலும் போர்ட்டே நிறைந்திருக்கிறது. நாளை கையில் பணம் சேர்ந்ததும் போர்ட்டையே வாங்குவார்கள். அவர்களைக் கவர வேண்டுமாயின், நமது புதிய வி-8 இயந்திரத்துக்கான விசேட பாகங்களை நாமே ஆயத்தம் செய்து விற்க வேண்டும்.

'மஸில் கார்' எனப்படும் வலுமிக்க அமெரிக்கக் கார்களின் வரலாறு பெரும்பாலும் பெருநிறுவனங்களின் சாதனையாகவே சொல்லப்படுகிறது. ஆனால், அந்த வித்தை வீட்டுக் கொட்டில்களிலேயே வளர்ந்தது. தொழிற்சாலை அதைப் பின்னரே கற்றுக்கொண்டது. இதற்கு டன்ரொவின் குறிப்பே சாட்சி.

கதையின் தொடக்கம் 1932. அவ்வாண்டு ஹென்றி போர்ட், சாதாரண மனிதரும் வாங்கக்கூடிய விலையில் வி-8 இயந்திரம் பூட்டிய காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். 221 கன அங்குலக் கொள்ளளவு, 65 குதிரைவலு. சில ஆண்டுகளில் பழைய போர்ட் கார்கள் மலிவாகக் கிடைத்தன. கலிபோர்னிய இளைஞர்கள் அவற்றை வாங்கி, மட்காட்டைக் கழற்றி, வறண்ட ஏரித் தரைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். அந்த ஓட்டங்களை ஒழுங்கு செய்யும் சங்கம் 1937இல் உருவானது.

இயந்திரத்தின் வலுவைக் கூட்டுவதென்பது அதன் மூச்சைக் கூட்டுவதே. பெற்றோலை அதிகமாகச் செலுத்துவது எளிது. அதை எரிப்பதற்கான காற்றை உள்ளே கொண்டுவருவதுதான் கடினம். போர்ட் வி-8இன் குறையும் இங்கேயே இருந்தது. வால்வுகள் சிலிண்டர்களின் பக்கத்தில் அமைந்திருந்ததால் காற்று வளைந்து நெளிந்தே உட்புக வேண்டியிருந்தது. வெளியேறும் சூடான புகையும் இயந்திரத்தின் உடலினூடாகவே சென்றது. எனவே அது எளிதில் கொதித்தது.

இக்குறையை அமெரிக்க இளைஞர்கள் தம் கைத்திறனால் எதிர்கொண்டார்கள். விக் எடல்புறொக் தமது 1932ஆம் ஆண்டுப் போர்ட்டையே சோதனைக்களமாக்கி, இரண்டு காபரேற்றர்களைப் பொருத்தக்கூடிய காற்றுக்குழாய்த் தொகுதியை வார்த்தார். ஆர்மேனிய வம்சாவளியினரான எட் இஸ்கெண்டேரியன், வால்வுகளைத் திறந்து மூடும் காம்ஷாப்ட்டைப் புதிய வடிவில் தீட்டிக் கொடுத்தார். 1948 ஜனவரியில் வெளிவரத் தொடங்கிய 'ஹொட் றொட்' சஞ்சிகை இந்த அறிவை நாடெங்கும் பரப்பியது.

டன்ரொவும் இவ்வுலகுக்கு அந்நியர் அல்லர். 1909இல் பிரஸெல்ஸில் ரஷ்ய யூதப் பெற்றோருக்குப் பிறந்து, பேர்லினில் பொறியியல் கற்று, நாஸிகளிடமிருந்து தப்பி நியூயோர்க் வந்து சேர்ந்த அகதி அவர். அங்கே தம் சகோதரருடன் சேர்ந்து, போர்ட் வி-8க்கு மேல்வால்வு கொண்ட 'ஆர்டன்' தலைகளைத் தயாரித்தவர். செவர்லே வி-8க்காக வாதாடிய மனிதர், போர்ட்டின் மூச்சுத்திணறலுக்கு மருந்து தேடியவராகவும் இருந்தார்!

1955ஆம் ஆண்டு மாதிரிக் காரில், எட் கோலின் தலைமையில் உருவான 265 கன அங்குல செவர்லே வி-8 வெளிவந்தது. எடை குறைவு, வால்வுகள் மேலே, வேகமாகச் சுழலும் இயல்பு. தொடக்க வலு 162. அதே ஆண்டு செப்டம்பரில், 1956ஆம் ஆண்டுக்கான செவர்லேயை மாறுவேடத்தில் பைக்ஸ் பீக் மலைமீது ஓட்டிய டன்ரொவ், 17 நிமிடம் 24 செக்கனில் உச்சியை அடைந்தார். 1957இல் எரிபொருள் உட்செலுத்தும் முறையுடன் 283 கன அங்குல இயந்திரம் 283 குதிரைவலு தந்தது.

பின்னர் நடந்தவை பலரும் அறிந்தவை. 1964இல் பொன்ரியாக் நிறுவனம், நடுத்தரக் காரொன்றில் 389 கன அங்குல இயந்திரத்தைப் பூட்டி ஜிரிஓ எனப் பெயரிட்டது. முதலாண்டிலேயே 32,450 விற்பனையாயின. 1970ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டம், உயர்ந்த காப்புறுதிக் கட்டணம், 1973இன் எண்ணெய்த் தடை ஆகியன அந்த யுகத்தை முடித்துவைத்தன. தொழிற்சாலை கைவிட்ட வித்தை மீண்டும் கொட்டிலுக்கே திரும்பியது.

இன்று பழைய கமேரோ ஒன்றுக்கு 350 கன அங்குல செவர்லே இயந்திரத்தைக் கட்டுபவர், அன்றைய இளைஞர்கள் கற்ற பாடத்தையே மீண்டும் கற்கிறார். சிலிண்டர்களைக் கடைந்து மெருகேற்றுவதும், சுழலும் பாகங்களை நிறுத்துச் சமன் செய்வதும் பட்டறையின் வேலை. அறிவு வேண்டப்படுவது தெரிவில்தான். பெரிய காம்ஷாப்ட், பெரிய காபரேற்றர் என ஆசை இழுக்கும். ஆனால் கணக்கு வேறு சொல்லும். 350 கன அங்குல இயந்திரம் நிமிடத்துக்கு 6,000 சுற்றில் நிறைமூச்சு வாங்கினாலும், அதற்கு வேண்டிய காற்று நிமிடத்துக்கு ஏறத்தாழ 608 கன அடியே. அதைவிட மிகப் பெரிய காபரேற்றர் பூட்டினால் காற்றோட்டம் மந்தமாகி, கீழ்வேகத்தில் இயந்திரம் தடுமாறும்.

காம்ஷாப்ட்டும் அப்படியே. வால்வுகளை நீண்டநேரம் திறந்து வைத்தால் உச்சவேகத்தில் வலு கூடும். சந்தியில் நிற்கும்போது இயந்திரம் குலுங்கும். வாயுக்கலவையை எவ்வளவு நெருக்குகிறோம் என்பதைக் காட்டும் நெருக்கல் விகிதத்தை அளவுக்கு மீறி உயர்த்தினாலும், தீப்பொறியை அளவுக்கு மீறி முற்படுத்தினாலும், கலவை ஒழுங்குமீறி வெடித்துப் பிஸ்டனையே உடைத்துவிடும். பழைய வகைக் காம்ஷாப்ட் பூட்டிய இயந்திரத்தை முதன்முதல் இயக்கியதும், ஏறத்தாழ 2,000 சுற்றில் இருபது நிமிடம் ஓடவிட வேண்டும். அந்த இருபது நிமிடம் பொறுக்காதவரின் காம்ஷாப்ட் தேய்ந்து, பலமாத உழைப்பு வீணாகலாம்.

ஒரு பாகத்தின் பெருமையால் இயந்திரம் வலுப்பெறுவதில்லை. பாகங்களின் இசைவினாலேயே வலுப்பெறுகிறது. பட்டறைகளில் அடிபட்டுக் கற்ற இவ்வுண்மையை மதித்து, அதைத் தம் மேலதிகாரிகளுக்கு எழுத்தில் எடுத்துரைத்தவர் டன்ரொவ். 1996இல் மறைந்த அவரது அஸ்தி, கென்ரக்கி மாநிலத்திலுள்ள கோர்வெற் கார் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளது. கொட்டிலில் கற்றவர்களின் பெயர்களிற் பெரும்பாலானவை எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை.