வாஷிங்டனில் திருமணம்: ஒரு நகைச்சுவை நாவலும் அதன் வாசகர்களும்

'வாஷிங்டனில் திருமணம்', எழுத்தாளர் சாவி 1963-ல் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய நகைச்சுவை நாவல். படங்கள் வரைந்தவர் கோபுலு. அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் குடும்பத்துச் சீமாட்டிக்குத் தென்னிந்தியக் கல்யாணம் ஒன்றைக் கண்ணாரப் பார்க்க ஆசை பிறக்கிறது. செலவு முழுக்க அவருடையது. பெண், மாப்பிள்ளை, சாஸ்திரிகள், சமையல்காரர்கள், அப்பளம் இடும் பாட்டிகள் என்று ஊரே விமானம் ஏறுகிறது.

சா. விசுவநாதன் என்ற இயற்பெயர் கொண்ட சாவி (1916–2001), தினமணி கதிர், குங்குமம், சாவி ஆகிய இதழ்களின் ஆசிரியராக இருந்தவர். அவர் எழுதியவற்றில் அதிகம் பேசப்படுவது இந்த நாவல்தான்.

படித்தவர்களிடம் கதையைச் சொல்லச் சொன்னால் சொல்வதற்கு அதிகம் இராது. வில்லன் இல்லை, பெரிய திருப்பமும் இல்லை. ஆனால் அயலூர் மொட்டை மாடியில் அப்பளம் காய்வதும், ஜானவாச ஊர்வலமும், மாப்பிள்ளை குடையும் விசிறியுமாகக் காசியாத்திரை கிளம்புவதும் மனத்தில் நிற்கும். சம்பந்தி சண்டையையும் கல்யாணத்தின் ஓர் அங்கமாக நினைத்து அந்தச் சீமாட்டி ஆவலோடு எதிர்பார்ப்பது நாவலின் உச்சம். நம் வீட்டுக் கல்யாணக் கூத்தை வேற்று நாட்டார் கண்ணால் பார்க்க வைத்ததே சாவியின் வெற்றி.

குறை சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. நாவலில் வருவது பிராமணக் குடும்பத்துக் கல்யாணம். தமிழ்நாட்டுக் கல்யாணம் என்றாலே இதுதான் என்று வெளியூரார் நினைத்துவிடக்கூடும். பணத்துக்குக் கணக்கே இல்லாததால் அயல்நாட்டு வாழ்க்கையின் சிரமம் எதுவும் பக்கங்களுக்குள் நுழைவதில்லை.

இந்த இரண்டாவது குறை புதுக்கோட்டை மாவட்டத்து வாசகருக்கு நன்றாகவே உறைக்கும். அறந்தாங்கி, மீமிசல், கோட்டைப்பட்டினம் பக்கங்களிலிருந்து சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா என்று பிழைக்கப் போனவர்கள் ஏராளம். அங்கே சாப்பாட்டுக் கடைகளில் பரோட்டாக் கல்லின் முன்னும் டீ ஆற்றும் மேசையிலும் நிற்பவர்களுக்கு வெளிநாடு என்பது விருந்து அல்ல, வேலை. மாவட்டத்தின் பெருங்களூரில் 1922-ல் பிறந்த அகிலன், மலேசிய ரப்பர் தோட்டத் தொழிலாளரின் பாடுகளை 'பால்மரக்காட்டினிலே' நாவலில் எழுதினார். அது கண்ணீரின் பக்கம். சாவியுடையது சிரிப்பின் பக்கம். நாலு நண்பர்கள் கூட்டாக அயலூரில் ஓட்டல் போட்டு, மாவு புளிக்காமல் தவித்து, வாடகை கட்ட முழித்து, இரவில் கல்லாவை எண்ணிச் சிரிக்கும் கதையை யாராவது நாவலாக எழுதினால் அதற்கு இவ்விரண்டு பக்கமும் வேண்டும்.

இவை போன்ற பழைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடுவோர் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்திலுள்ள ஞானாலயா ஆய்வு நூலகத்துக்குப் போகலாம். பா. கிருஷ்ணமூர்த்தியும் அவருடைய துணைவியார் டோரதியும் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே உள்ளன. ஆனால் வெளிநாட்டு அடுப்படியில் நின்று ஊர் திரும்பிய அண்ணன்மார்களும் மாமாக்களும் வீட்டுத் திண்ணையில் சொல்லும் கதைகள் இன்னும் ஏட்டில் ஏறாமலே கிடக்கின்றன. எழுதத் தெரிந்த பிள்ளைகள் அவற்றைக் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.