குசினியிலிருந்து மேசைக்கு

சாப்பாட்டுக்கு வரலாறு உண்டு என்று சொன்னால் சிரிக்கிறார்கள். ராசாக்கள் படையெடுத்ததுதான் வரலாறு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்து விட்டார்கள். யார் சமைத்தது, யார் உட்கார்ந்து சாப்பிட்டது, யார் வாசலில் நின்று வாங்கிக் குடித்தது என்று கேட்டுப் பாருங்கள். அங்கேதான் நம்ம வரலாறு இருக்கிறது. சென்னைக்குத் தெற்கே, கோவளத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடலைப் பார்த்து நிற்கிற ரிசார்ட்டுகளின் சாப்பாட்டு மேசைக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

கோவளத்தில் 18ஆம் நூற்றாண்டில் ஒரு கோட்டை இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த அதை 1752இல் கிளைவ் பிடித்தான். பிறகு இடித்தார்கள். 1974இல் அங்கே தாஜ் குழுமம் ஓட்டல் திறந்தது. 'ஃபிஷர்மேன்ஸ் கோவ்' என்று பெயர். மீனவர் பெயர் பலகையில் இருக்கிறது. இந்தக் கரையைப் பற்றி எழுதுகிறவர்கள் கோட்டையை எழுதுவார்கள், கிளைவை எழுதுவார்கள். உப்பளத்தில் உப்பு வாரியவர்களையும் கழனியில் நாற்று நட்டவர்களையும் எழுத மாட்டார்கள்.

வெள்ளைக்காரன் மேசைக்குச் சமைத்துப் போட்டது யார்? மெட்ராஸில் துரைமார் வீட்டுக் குசினிக்காரர்களிலும் பட்லர்களிலும் ஆயாக்களிலும் பெரும்பகுதி பறைச்சேரி சனங்கள். மாட்டுக்கறியைத் தொட மற்ற சாதிக்காரன் கூசினான். நம்மாளுக்கு அந்தக் கூச்சம் இல்லை. அதனால் ரோஸ்ட்டும் சூப்பும் புட்டிங்கும் நம்ம பாட்டன்கள் கைப்பக்குவமாயின. இன்றைக்கு ஓட்டல் தொழில் என்று சொல்கிறார்களே, அதன் மேசை மரியாதையெல்லாம் இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது அந்தக் குசினிகள் வழியாகவும்தான்.

என் தாத்தா பரங்கிமலையில் ஒரு துரை வீட்டுக் குசினியில் இருந்தவர். பீங்கான் தட்டில் முள்கரண்டியை எந்தப் பக்கம் வைக்கணும் என்று அவருக்குத் தெரியும். லீவில் ஊருக்கு வந்தால் டீக்கடையில் அவருக்குக் கொட்டாங்குச்சி. "துரை குடிச்ச கப்பை நாந்தான்டா கழுவி வெச்சேன், இந்த ஊர்ல எனக்குக் கப்பு இல்ல" என்று சொல்லிக் காட்டுவாராம். இதை எனக்குச் சொன்னது என் அப்பா.

காபி ஓட்டல்கள் பெருகிய காலத்தில் பிராமணர்களுக்குத் தனி இடம், மற்றவர்களுக்குத் தனி இடம். நமக்கு எந்த இடமும் இல்லை. ரயில்வே உணவகங்களில் பிராமணருக்குத் தனி இடம் என்ற வழக்கம் பெரியார் இயக்கம் போராடி 1941இல் ஒழிந்தது. 1957இல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் 'பிராமணாள்' என்ற பெயரை எதிர்த்து மறியல் நடந்தது. நல்லது. பட்டணத்தில் பலகை இறங்கியது. கிராமத்து டீக்கடையில் பலகையே கிடையாது, தனி டம்ளர்தான். அதை யார் இறக்கினார்கள்?

நம்மவர்கள் சும்மா இருக்கவில்லை. இதே செங்கல்பட்டு சீமையில் பிறந்த ரெட்டமலை சீனிவாசன், பொதுச் சாலையும் கிணறும் குளமும் பொது இடங்களும் எல்லோருக்கும் உரியவை என்று 1924இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் நிறைவேற வைத்தார். அம்பேத்கர் தலைமையில் வரைந்த அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு கடை, உணவகம், ஓட்டல் எதிலும் சாதி சொல்லித் தடுக்கக்கூடாது என்கிறது. 1955ஆம் வருசத் தீண்டாமைக் குற்றச் சட்டம் உணவகத்துப் பாத்திரத்தையும் சேர்த்துச் சொன்னது. ஒரு டம்ளருக்காக ஒரு நாடு சட்டம் எழுத வேண்டியிருந்தது, தோழர்களே.

இனி நிலத்துக்கு வருவோம். செங்கல்பட்டு கலெக்டர் டிரெமன்ஹீர் 1891இல் பறையர்களின் நிலைமை பற்றி அறிக்கை கொடுத்தார். சொந்தமாக நிலமில்லாததுதான் அடிமைத்தனத்தின் வேர் என்பது அதன் சாரம். 1892இல் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் பிறந்தது. பத்து வருசம் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் நம்ம சனங்களுக்குள்ளேதான் விற்கலாம் என்று நிபந்தனை. நிபந்தனை தாளில் தங்கிவிட்டது, நிலம் கை மாறிவிட்டது. மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் அப்படிப் போன நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தக் கடற்கரைச் சாலை அகலமாயிற்று, மனை விலை ஏறிற்று, சுவர்கள் எழும்பின.

சில வருசத்துக்கு முன்னால் அந்தச் சுவர்களில் ஒன்றுக்குள் நானும் போனேன். ஆபீசில் ஒருவருக்குப் பணி ஓய்வு விருந்து. நான் தனியாக நடந்து போனேன். கேட்டில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வேலையாளுங்க பின்பக்க கேட்டுல போங்க" என்றார். அழைப்பிதழைக் காட்டின பிறகு வழி விட்டார். உள்ளே மேசைகள், வெள்ளைத் துணி, கடல்காற்று. மெனு அட்டையில் கழிமுகத்து நண்டு. நாங்கள் சின்ன வயசில் சேற்றில் கைவிட்டுப் பிடித்துத் தின்றபோது "நண்டு திங்கிற ஜாதி" என்று பரிகாசம் செய்தார்களே, அதே நண்டு. ஒன்றின் விலை என் அம்மா நடவுக்குப் போன காலத்தில் ஒரு வருசக் கூலிக்கு மேல். அடுத்த வரியில் பீஃப் ஸ்டேக். சேரியில் வெந்தால் நாற்றம், அட்டையில் அச்சடித்தால் நாகரிகம்.

பரிமாறின பையன் என் பேச்சைக் கேட்டுவிட்டுக் குனிந்து மெதுவாக, "எந்த ஊருண்ணா?" என்றான். சொன்னேன். "நம்ம பக்கந்தாண்ணா. அந்தக் கோடியில இருக்குதே நீச்சல்குளம், அங்கதான் எங்க ஆயா சவுக்குத் தோப்புல சுள்ளி பொறுக்குமாம்" என்றான். மேனேஜர் பார்க்கவும், "வேற என்ன சார் வேணும்?" என்று நிமிர்ந்துவிட்டான். அவனுக்குச் சாப்பாடு பின்கட்டில், ஸ்டாஃப் கேண்டீனில்.

இங்கே தனி டம்ளர் கிடையாது. அது செய்த வேலையை இங்கே விலைப்பட்டியலும் கேட்டும் செய்கின்றன. காசு இருந்தால் யாரும் உட்காரலாமே என்பார்கள். காசு எப்படி வந்தது என்று கேட்டால் நிலத்தில் போய் நிற்கும். நிலம் எப்படிப் போனது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

அதனால் நாம் கேட்க வேண்டியது ஒரு வேளை விருந்து அல்ல. இந்தச் சாலையோரத்து ஒவ்வொரு கிராமத்திலும் பஞ்சமி நிலத்தின் சர்வே எண்ணை எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டு என்று கேட்போம். எந்த எண் எந்தச் சுவருக்குள் இருக்கிறது என்று நாமே நடந்து பார்த்துக்கொள்வோம். அந்தப் பையனின் ஆயா சுள்ளி பொறுக்கிய இடத்திலிருந்தே தொடங்கலாம்.